ஃபேன் சத்தத்துல கேக்கல அத்தை

முதல் தடவை அது பொய் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த எடுப்பிலேயே மாப்பிள்ளையைப் பெரிய பாவி என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பாவிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே நாளில் ஆன பாவி இல்லை.

அவன் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவன். இன்னும் அஸ்திவாரமே தோண்டாத வீட்டைக் கட்டி முடித்தது போல் லேப்டாப்பில் வரைந்து, கூடத்து ஜன்னல் வழியாகக் காலை வெயில் எங்கே விழும் என்பது வரைக்கும் காட்டிவிடுவான். அந்த வெயிலைக் கணக்குப் போடுவதற்குள் லேப்டாப்புக்கு மூச்சு முட்டிவிடும். உள்ளே இருக்கிற குட்டி ஃபேன் முதலில் முனகும், அப்புறம் உறுமும், கடைசியில் அடுப்படியில் யாரோ மிக்ஸியைப் போட்டுவிட்டு மறந்துபோனது மாதிரி கத்தும். சரி பண்ண வேண்டும், சரி பண்ண வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்வதில்தான் நம் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாதே.

இந்த நேரத்தில்தான் அத்தை வந்து சேர்ந்தாள். அவன் மனைவியைப் பெற்றவள். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். தனியாக எழுந்து நிற்கவே கூடாது, யாராவது கையைப் பிடித்துத்தான் நடத்த வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மத்தியானம் சாப்பிட வருவாள், திரும்பிப் போவாள், இருட்டுகிற நேரத்துக்கு வருவாள். இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் இருக்கிற ஒரே ஆள் மாப்பிள்ளை. அவனுடைய மேஜை கூடத்தில், அத்தை படுத்திருக்கும் அறையின் சுவரை ஒட்டி இருந்தது.

அத்தை கூப்பிடுகிற விதமே தனி. "மாப்பிள்ளை" என்று ஒரே ஒரு தடவை. அதுவும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்கிறவர்கள் குரலில், கடைசி எழுத்து வாய்க்குள்ளேயே போய்விடும். இரண்டாம் தடவை கூப்பிட மாட்டாள். கூப்பிட்டால் மரியாதைக் குறைச்சல் என்று நினைக்கிற தலைமுறை.

முதல் தடவை வெயில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் கத்திய கத்தலில் அவனுக்கு நிஜமாகவே கேட்கவில்லை. மத்தியானம் மகள் வந்துதான் அம்மாவைக் கழிப்பறைக்கு அழைத்துப் போனாள்.

"ஏங்க, அம்மா கூப்பிட்டாங்களாமே?"

அவன் பதறிப்போய் எழுந்து வந்தான். "ஃபேன் சத்தத்துல கேக்கல அத்தை. மன்னிச்சுக்கோங்க."

"அவரை ஏன்டி கேக்குறே? அந்தப் பெட்டி ஏரோப்ளேன் மாதிரி கத்துது. அவர் பாவம், என்ன பண்ணுவாரு?" என்றாள் அத்தை.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. சாக்குத் தேடி அலைகிறவனுக்கு ஒரு சாக்கு கிடைப்பது வேறு. சாக்கே வீடு தேடி வந்து, "பாவம்" என்றும் சொல்லி உச்சுக்கொட்டினால் யாருக்குத்தான் விட மனசு வரும்?

இரண்டாம் தடவை அவனுக்குக் கேட்டது. ஒரு மாடிப்படியை வரைந்துகொண்டிருந்தான். இந்த ஒரு வளைவை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். வளைவு முடிந்தபோது கூப்பிட்ட குரல் மறுபடி வரவில்லை, அவனும் எழுந்திருக்கவில்லை. மகள் வந்து கேட்டதும் அதே வாக்கியத்தைச் சொன்னான். அதே "பாவம்" கிடைத்தது. பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய்க்கு இறக்கையே இருந்தது.

அவனை முழுச் சோம்பேறி என்றும் சொல்லிவிட முடியாது. வேலைக்கு அஞ்சுகிறவன் இல்லை, கூச்சத்துக்குத்தான் அஞ்சினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அத்தை அவன் முன்னால் நாற்காலியில்கூடச் சரியாக உட்கார்ந்ததில்லை. அப்பேர்ப்பட்டவளின் தோளைப் பிடித்து எழுப்பி, கழிப்பறை வாசல் வரைக்கும் நடத்தி, கதவுக்கு வெளியே நின்று, தண்ணீர் விழும் சத்தம் ஓய்கிறவரை உத்தரத்தைப் பார்த்து, திரும்பக் கூட்டிவந்து படுக்க வைக்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். அவளுக்கும் உயிர் போகும், அவனுக்கும் உயிர் போகும். ஆனால் அவளுக்கு வேறு வழி இல்லை. அவனுக்கு ஒரு ஃபேன் இருந்தது.

அப்புறம் தலையணை வந்தது. லேப்டாப்புக்கு அடிப்பக்கம்தான் மூக்கு. மேஜைமேல் வைத்தால் கொஞ்சமாவது காற்று போகும். தலையணைமேல் வைத்தால் மூக்கைப் பொத்தின மாதிரி ஆகிவிடும், சும்மா ஒரு கடிதம் தட்டினாலும் ஃபேன் ஊரைக் கூட்டும். இது அவனுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் வைத்தான். மனைவி கேட்டதற்கு, "கழுத்து வலிக்குது, கொஞ்சம் உயரம் வேணும்" என்றான்.

ஒருநாள் சார்ஜர் வயரை எடுக்க அத்தையின் அறைக்குள் போனான். காலையில் மனைவி நிரப்பி வைத்த தண்ணீர் பாட்டில் தலைமாட்டில் இருந்தது, கழுத்து வரைக்கும் அப்படியே.

"தண்ணி குடிக்கலையா அத்தை?"

"தாகமே எடுக்கல மாப்பிள்ளை."

அவள் உதடு வெடித்திருந்தது. நாக்கால் அதைத் தடவிக்கொண்டே சொன்னாள். குடித்தால் போக வேண்டும், போக வேண்டுமானால் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது. அவனுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தும் வயரை எடுத்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். ஆனால் குறுகுறுப்பதோடு நின்றுவிட்டால் அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அத்தை குடிக்காத தண்ணீரை அதனால் குடிக்க வைக்க முடிந்ததா?

அந்த வாரமே அத்தை மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சொல் விடாமல் கேட்டது.

"ஏண்டி, நாள் பூரா அந்தச் சத்தத்துலயே உக்காந்திருக்காரே, அவர் காது என்னத்துக்கு ஆகும்? என்னைப் பாத்துக்குறது அப்புறம் இருக்கட்டும். முதல்ல அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சரி பண்ணுங்க."

மனைவி விட்டால்தானே? கையோடு அவனையும் லேப்டாப்பையும் இழுத்துக்கொண்டு பழுது பார்க்கிற கடைக்குப் போனாள். மெக்கானிக் அடிமூடியைக் கழற்றி, ஃபேனை வெளியே எடுத்து, இடுக்கியால் ஒரு கற்றையை உருவிக் காட்டினான்.

"இது தூசி இல்ல சார், பஞ்சு. மெத்தை மேல வச்சு வேலை பாக்குறீங்களா?"

"தலையணைங்க. இவருக்குக் கழுத்து வலி," என்றாள் மனைவி, அவனுக்கு முன்பாகவே.

"ஃபேனுக்கு ஒரு கோளாறும் இல்லம்மா. நாமளே மூக்கை அடைச்சுட்டு, ஐயோ கத்துதேன்னா அது என்ன பண்ணும்?" மெக்கானிக் சிரித்தான். மனைவியும் சிரித்தாள். மாப்பிள்ளை பல்லைக் காட்டினான், அதற்குச் சிரிப்பு என்று பெயர் இல்லை.

மறுநாளிலிருந்து வீட்டில் குண்டூசி விழுந்தாலும் கேட்டது. அத்தை கட்டிலில் புரள்வது, கனைப்பது, வளையல் கட்டில் கம்பியில் படுவது, எல்லாம். இனிமேல் கூப்பிட்டால் ஒரே எட்டில் போய் நிற்பேன் என்று அவன் உறுதியாகத்தான் இருந்தான்.

சாயங்காலம் ஒரு வீட்டுக்காரரோடு போனில் பேசி முடித்துவிட்டு, அவர் சொன்னபடி வரைபடத்தில் ஒரு சுவரை நகர்த்திக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை."

கேட்டது. காதில் வாய் வைத்துச் சொன்ன மாதிரி கேட்டது. 'இதோ' என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் கால் எழவில்லை. கொஞ்சம் பொறுத்தால் அந்தக் குரல் அடங்கிவிடும் என்று அவன் உடம்பு பழகிவிட்டிருந்தது. குரலும் அடங்கிவிட்டது. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவது போல் நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். தன்னைத் தானே எழுப்ப முடியாது என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மனைவி வந்தபோது அத்தை போர்வையை இடுப்புவரை இழுத்துப் பிடித்தபடி கிடந்தாள்.

"பாட்டில் கை தவறிருச்சுடி. தண்ணி கொட்டிப் படுக்கையெல்லாம் நனைஞ்சுபோச்சு."

வாசலில் நின்ற மாப்பிள்ளை தலைமாட்டைப் பார்த்தான். பாட்டில் மூடியோடு நிறைந்து நின்றுகொண்டிருந்தது. அவனுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல் இருந்தது.

மனைவியும் அதைப் பார்த்தாள். விரிப்பை மாற்றினாள், அம்மாவுக்கு உடை மாற்றினாள், நனைந்ததை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அம்மா கூப்பிட்டாங்களா?"

"கேக்கல."

யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான், முட்டுக் கொடுக்க ஃபேன் இல்லை என்பது உறைத்தது. லேப்டாப் மேஜைமேல் சத்தமில்லாமல் கிடந்தது. மனைவி அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து அத்தை விம்மினாள். "அந்தச் சத்தத்துல காதே போயிருச்சு போலிருக்கே. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். வாயை மூடிக்கிட்டுக் கிடந்துட்டேனே."

மனைவியின் முகம் மாறிவிட்டது. கோபமாக வந்தது பயமாகிவிட்டது. அவளுடைய கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியிலேயே காது சோதிக்கிற இடம் இருக்கிறது, அங்கே எல்லோரும் அவளுக்குப் பழக்கம். "காலையில மொத ஆளா நீங்கதான்," என்றாள்.

கண்ணாடி வைத்த சின்ன அறை. உள்ளே ஒரு நாற்காலி. காதை மூடும் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் சோதிக்கிற பெண்.

"எவ்வளவு சின்னச் சத்தமா இருந்தாலும் சரி, கேட்ட உடனே அழுத்துங்க."

கதவு மூடியது. கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண் உட்கார்ந்தாள், பக்கத்தில் மனைவி நின்றாள். மாப்பிள்ளை வழியெல்லாம் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பெரிய சத்தத்துக்கு அழுத்த வேண்டும், சின்னதை விட்டுவிட வேண்டும். கொஞ்சம் மந்தம் என்று சொல்லிவிட்டால் போதும், மானம் தப்பித்துவிடும். அத்தையும் இனிமேல் கூப்பிட மாட்டாள். செவிட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? மகள் வருகிறவரை நாக்கு வறண்டு கிடப்பாள், காலம் முழுக்க.

முதல் சத்தம் வந்தது. அழுத்தினான். அடுத்தது அதைவிட மெல்லியது, அழுத்தினான். அப்புறம் ஒன்று, எங்கோ தள்ளி. நன்றாகக் கேட்டது. விரலை அசைக்கவில்லை.

வெளியே அந்தப் பெண் மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். மனைவி கண்ணாடியில் கை வைத்துக்கொண்டாள். கீழுதட்டைக் கடித்திருந்தாள், கண் நிறைந்துவிட்டது. அவள் அவனுக்காக அழுதாள். அங்கே ஒருத்தி விம்மியதும் இந்தக் காதுக்காகத்தான், இங்கே ஒருத்தி அழுவதும் இந்தக் காதுக்காகத்தான்.

அடுத்த சத்தம் இன்னும் மெலிந்து வந்தது. ஒரே ஒரு தடவை. கடைசியில் தேய்ந்து உள்ளேயே போய்விட்டது. இரண்டாம் தடவை வரவில்லை.

அழுத்தினான். அதற்கப்புறம் ஒன்றைக்கூட விடவில்லை. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி வந்ததையும் விடவில்லை.

சோதித்த பெண் கதவைத் திறந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். "சும்மா பயமுறுத்திட்டீங்க சார். நடுவுல ஒண்ணு தவறுச்சு, திரும்ப வச்சேன், அழுத்திட்டீங்க. அருமையான காது. பக்கத்து ரூம்ல குசுகுசுன்னு பேசினாக்கூடக் கேக்கும் உங்களுக்கு."

மனைவி அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே நின்று, மெல்ல மெல்ல வடிந்துபோனதை அவன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

மாடிப்படி இறங்கும்போது, "அந்தத் தலையணை..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"ஆமா," என்றான்.

வீடு வரைக்கும் அவள் பேசவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பான்.

அத்தை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாங்க? மருந்து குடுத்தாங்களா?"

நீங்களே சொல்லுங்கள் என்பது போல் மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"காது நல்லாத்தான் இருக்கு அத்தை," என்றான். "எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாம் கேட்டுச்சு."

அத்தை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினாள், பிரித்தாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. கூச்சம் இப்போதும் அவளுக்குத்தான்.

"நல்லவேளை," என்றாள் கடைசியில். "காதுக்கு ஒண்ணும் இல்லையே, அது போதும்."

அவன் பாட்டிலைத் திறந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மகளைப் பார்த்தாள்.

"நீ இன்னைக்கு வீட்லதான் இருப்பியா, இல்ல கடைக்குப் போயிருவியா?"

"போகணும்மா."

"நான் இருக்கேன் அத்தை," என்றான் மாப்பிள்ளை.

அத்தை தலையை ஆட்டினாள். அவன் மனம் நோகக் கூடாதே என்று ஒரே ஒரு வாய் குடித்தாள். மீதித் தண்ணீரை மூடி வைத்துவிட்டாள்.