திருட்டுத் தீனி

ரிப்போர்ட்டில் 168 என்று போட்டிருந்தது. இருபதுக்குக் கீழே இருக்க வேண்டியது.

ஆறு மாதத்துக்கு முன்னால் முதல் தடவை ரத்தம் எடுத்தபோது இருநூறுக்கு மேல் இருந்தது. ஆறு மாதம் கோதுமையைக் கண்ணில்கூடக் காட்டாமல் வைத்திருந்த பிறகு 168. திருச்சியில் அந்த லேப் வாசலில் நின்றுகொண்டு நானும் என் மனைவி வனிதாவும் அந்தத் தாளை மாற்றி மாற்றிப் பார்த்தோம். வேறு யாருடைய ரிப்போர்ட்டோ என்று பெயரைக்கூடச் சரிபார்த்தேன். எங்கள் மகள் பெயர்தான். சத்யபிரியா, வயது 14.

டாக்டர் அதிகம் பேசவில்லை. "உள்ள போய்க்கிட்டுதான் இருக்கு. வெளியில எங்கயும் சாப்பிடுறாளான்னு பாருங்க. ரெண்டு வாரம் கழிச்சு டயட்டீசியனப் பாத்துருங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

என் பெயர் ரெங்கராஜ். அன்னவாசலில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சத்யா எங்களுக்கு ஒரே பிள்ளை. ஒன்பதாவது படிக்கிறாள், ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் கேட்காமலே அரை டிக்கெட் கிழிப்பார். அவ்வளவுதான் வளர்த்தி. மூன்று வருடமாக வயிற்று வலி, வயிற்றுப்போக்கு. ரத்தம் ஆறு பாயிண்ட். பூச்சி மருந்து, டானிக், மந்திரித்த கயிறு எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துத்தான் சீலியாக் என்று கண்டுபிடித்தார்கள். கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். அது உள்ளே போனால் இவள் உடம்பே இவள் குடலை அரித்துவிடும். அது எவ்வளவு நடக்கிறது என்று காட்டுவதுதான் ரிப்போர்ட்டில் இருக்கிற அந்த எண். இதற்கு மருந்து கிடையாது. கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் ஆயுசுக்கும் ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது.

அன்றைக்கே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஏனென்றால் எங்கள் வீட்டுக்குள் கோதுமையைக் கொண்டுவந்ததே நான்தான். எனக்குச் சுகர் வந்தபோது ராத்திரி சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்தி சாப்பிடச் சொன்னார்கள். நல்லதுதானே, எல்லாரும் சாப்பிடுவோம் என்று ஆறு வருடம் வீடு முழுக்க ராத்திரி சப்பாத்தி. பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

சொந்தக்காரர்களுக்குச் சொன்னால் சிரித்தார்கள். என் மச்சான், "ஏன் மாப்ள, சோறு திங்கிற ஊர்ல பொறந்துட்டு கோதுமை ஆகலைன்னா என்னய்யா கவலை? சோத்தத் தின்னுட்டுப் போறா" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனாலும் நாங்கள் ஒன்றையும் விடவில்லை. பழைய தோசைக்கல், வாணலி, சப்பாத்திக் கட்டை எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்டோம். கடையில் ஆட்டா மூட்டையைப் பின்பக்கம் தள்ளிவிட்டேன். மாவு நிறுத்த கையோடு வீட்டுக்குள் போக மாட்டேன், குளித்துவிட்டுத்தான் பிள்ளை பக்கம் போவேன். மிளகாய்ப்பொடி அரைக்க மில்லுக்குப் போனால், கோதுமை அரைத்த மெஷின் என்று முதலில் ஒரு படி பச்சரிசியை ஓட்டச் சொல்வேன். அந்த மாவை மாட்டுக்குக் கொடுத்துவிடுவோம். மில்லுக்காரர், "மளிகைக்காரரே, மெஷினுக்குத் தீட்டு கழிக்கிறீங்களா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நிற்பேன்.

இவ்வளவும் செய்த பிறகு 168.

வீட்டில் தப்பு இருக்க வழியே இல்லை என்று நான் நினைத்தேன். எந்தச் சாமானில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருடமாகக் கடையில் நிற்கிறேன். அப்படியென்றால் பிள்ளைதான் திருட்டுத் தீனி தின்கிறாள்.

வீட்டுக்கு வந்த சூட்டோடு கேட்டேன். "சத்யா, உண்மையச் சொல்லு. பள்ளிக்கூடத்துல என்ன திங்கிற?"

"ஒண்ணும் திங்கலப்பா."

"பிஸ்கட்டு? பரோட்டா?"

"சத்தியமா இல்லப்பா. எனக்கே வயித்த வலிக்குது, நான் ஏன்ப்பா திங்கப் போறேன்?"

நான் அவள் பள்ளிக்கூடப் பையை எடுத்துக் கட்டிலில் கொட்டினேன். புத்தகம், ஜியாமெட்ரி பாக்ஸ், அடியில் கொஞ்சம் கடலைத் தொலி. அவித்த கடலைத் தொலி.

"இது ஏது?"

"ஷர்லி அம்மா குடுத்தாங்க."

ஷர்லி இவளோடு ஒன்றாவதிலிருந்து படிக்கிறவள். ஒரே பெஞ்சு. அவள் அம்மா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சாயங்காலம் பஜ்ஜி, போண்டா போட்டு விற்கிறார். மைதா போண்டாவும் போடுவார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது.

வனிதா, "இருங்க, நாளைக்கு நான் போய்ப் பதமாக் கேக்குறேன்" என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

நல்ல வியாபார நேரம். பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஷர்லி அம்மா எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஷர்லி தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எம் புள்ளைக்குத் திருட்டுத்தனமாத் தீனி குடுக்குறீங்களாமே?" என்றேன்.

அவர் கரண்டியோடு திரும்பினார். "அண்ணே, என்ன சொல்றீங்க? சத்யாவுக்கா? அவிச்ச கடலை தவிர நான் ஒண்ணும் குடுக்கிறதில்லண்ணே. அதுவும் இங்கிட்டு அவிக்கிறதில்ல, வீட்டுல தனிச் சட்டியில..."

"பொய் சொல்லாதீங்க. மைதாவுல கைய வச்சுக்கிட்டு எங்கிட்டயே பொய் சொல்றீங்க."

"கர்த்தர் மேல ஆணையாச் சொல்றேன். எம் புள்ள மாதிரிதான் அவளும்."

"ஒங்க புள்ள நல்லா வளந்து நிக்குது. எம் புள்ளைக்கு வெஷத்த வச்சுட்டு ஆணை வேறயா?"

விஷம் என்ற வார்த்தையை நான் சொன்னேன். அதை மறைக்க முடியாது. பஜ்ஜி கையில் வைத்திருந்தவர்கள் தட்டைக் கீழே வைத்தார்கள். ஷர்லி சட்னிக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்கும் போய், கிளாஸ் டீச்சரிடம் சொல்லி, இரண்டு பேரையும் வேறு வேறு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் சத்யா என்னோடு பேசவில்லை. கேட்டதற்கு ம் போடுவாள், அவ்வளவுதான். அழுது அழுது வயிற்று வலி அதிகமாகிவிட்டது. எங்கள் வீட்டில் வயிற்று வலி என்றால் பெருங்காய மோர்தான். கெட்டியாகக் கலந்து, உப்புப் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த இரண்டு வாரத்தில் ஐந்தாறு தடவையாவது கொடுத்திருப்பேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பாள்.

டயட்டீசியன் பெயர் அன்புமொழி. முதல் நாளே போனில் சொல்லிவிட்டார்: "என்ன சாப்பிடுறான்னு எழுதிட்டு வர வேணாங்க. அடுப்படியில இருக்குற எல்லாத்தையும் டப்பாவோட, பாக்கெட்டோட கொண்டு வாங்க."

இரண்டு கட்டைப்பையில் திருச்சிக்குக் கொண்டுபோனோம். அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினார். மஞ்சள்தூள், புளி, கடலைமாவு, அப்பளம், சத்துமாவு. எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"வயிறு வலிச்சா வீட்டுல என்ன குடுப்பீங்க?"

"பெருங்காய மோருங்க. நானே கலந்து குடுப்பேன்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் எங்கள் பையில் கையை விட்டுப் பெருங்காய டப்பாவை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். என்னிடம் கொடுக்கவில்லை. சத்யாவிடம் நீட்டினார்.

"பொடி எழுத்தா இருக்கு. ஒனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியும். படிம்மா."

சத்யா டப்பாவை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். "கூட்டுப் பெருங்காயம். சேர்ந்துள்ளவை. கோதுமை மாவு..."

நிறுத்திவிட்டாள்.

"என்னது?" என்றாள் வனிதா.

"கோதுமை மாவு, கோந்து, பெருங்காயம், எண்ணெய்."

நான் டப்பாவைப் பிடுங்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். பெருங்காயத்துக்கு முன்னால் கோதுமை மாவு. அன்புமொழி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சுத்தப் பெருங்காயம் காரம் தாங்காது, அதனால் மாவு சேர்த்துத்தான் விற்பார்கள், சிலர் அரிசி மாவு சேர்ப்பார்கள், ரொம்பப் பேர் கோதுமையோ மைதாவோதான் என்றார். "இங்க வர்ற பாதிப் பேரு இப்பிடித்தாங்க. சோறும் ரசமுந்தான் குடுக்குறோம், எப்பிடி ஏறுதுன்னு தெரியலைம்பாங்க."

என் கடையில் அந்த டப்பா கல்லாவுக்கு நேர் எதிரே, கைக்கு எட்டுகிற தட்டில் இருக்கிறது. எத்தனை ஆயிரம் டப்பா கொடுத்திருப்பேன். ஒரு தடவைகூடப் பின்பக்கத்தைப் படித்ததில்லை. பெருங்காயம் என்றால் பெருங்காயம். அதில் படிக்க என்ன இருக்கிறது?

வனிதா விரல் விட்டு எண்ணினாள். "ரசத்துல. சாம்பார்ல. ஊறுகாயில. காலைல சட்னி தாளிக்கையில." அப்புறம் என்னைப் பார்த்தாள். "மோர்ல."

வலிக்கிறது என்று சொன்ன போதெல்லாம் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறேன். வலி அதிகமானால் அதிகமாக ஊற்றியிருக்கிறேன்.

சத்யா அழுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"அப்ப நான் திருட்டுத் தீனி தின்னது நம்ம வீட்டுலதான், இல்லப்பா?" என்றாள்.

இரண்டு வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அவள் எனக்கு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மன்னிச்சுக்க என்று சொல்லத் தோன்றியது, ஆனால் பெற்ற பிள்ளையிடம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லை. இலுப்பூர் தாண்டியதும் அவளே திரும்பினாள்.

"ஷர்லி அம்மாகிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

"நாளைக்குக் காலையில வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வாரேன்த்தா."

"வீட்டுல வேணாம். அன்னிக்கு எத்தனை பேரு இருந்தாங்களோ, அத்தனை பேரு இருக்கப்பச் சொல்லுங்க."

"சரி, நாளைக்குச் சாயங்காலம்..."

"இப்ப எறங்குறப்ப அஞ்சு மணி ஆயிரும். கடை போட்டிருப்பாங்க."

வனிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்னவாசலில் இறங்கியதும் வனிதா பைகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். முகம் கழுவிவிட்டு வரலாமா என்று பார்த்தேன். சத்யா நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஷர்லி அம்மா என்னைப் பார்த்ததும் கரண்டியைப் பிடித்த கை நின்றது. பிறகு வாழைக்காயைத் திருப்பிப் போட்டார். எட்டுப் பேர் இருந்தார்கள். எனக்குத் தெரிந்தவர்கள் நான்கு பேர்.

"ஷர்லி அம்மா, ஒரு விசயம் சொல்லணும்" என்றேன்.

"சொல்லுங்க. எண்ணெய் காயுது, நான் போட்டுக்கிட்டே கேக்குறேன்."

"எம் புள்ளைக்கு நீங்க ஒண்ணும் குடுக்கல. நாந்தான் குடுத்தேன். எங் கடைப் பெருங்காயத்துல கோதுமை மாவு இருக்கு. நான் படிக்கல. அன்னிக்கு ஒங்களச் சொன்னது அம்புட்டும் தப்பு."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. யாரோ ஒருவர், "என்னது, பெருங்காயத்துல கோதுமையா? நீங்கதானய்யா விக்கிறீங்க!" என்றார்.

"ஆமா, நாந்தான் விக்கிறேன்."

ஷர்லி அம்மா கரண்டியைச் சட்டி மேல் வைத்தார். பஜ்ஜி மாவுச் சட்டியை எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "இதுலயும் பெருங்காயம் போட்டுருக்கேனே. கடலைமாவுதானன்னு ஒரு நாளாச்சும் கையில ஒண்ணு குடுத்திருந்தா..." என்று நெஞ்சில் கை வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நின்ற எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

"மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

"வச்சுக்காம எங்கிட்டுப் போடுறது? நாலு நாளு ஒரு ஆளு வரல கடைக்கு." வெந்த பஜ்ஜியை எடுத்துத் தட்டில் போட்டார். அப்புறம், "ஆனா வந்து சொன்னீங்க பாருங்க. அது போதும். ஷர்லிகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அவ ஒங்களப் பாத்தாலே நடுங்குறா. சத்யா போகட்டும்" என்றார்.

ஷர்லி வீடு கடைக்குப் பின்னாலேயே. சத்யா உள்ளே போனாள். நான் வெளியே நின்றேன். யாரும் என்னோடு பேசவில்லை, யாரும் ஏசவும் இல்லை. உள்ளே ஷர்லி அழுகிற மாதிரி கேட்டது, சத்யா ஏதோ வேகமாகச் சொல்வதும் கேட்டது. என்ன என்று காதில் விழவில்லை.

ஒரு கால் மணி நேரம் கழித்துச் சத்யா வாசலுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"நீங்க போங்கப்பா. நான் அப்பறம் வாரேன்."

"இங்கயா இருக்கப் போற?"

"ஆமா."

அங்க ஒண்ணும் சாப்பிட்டுறாத என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் அதற்காகவே காத்திருப்பது போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரித்தா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.