வெறும் தண்ணீர்

பீலிக்ஸ் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். மூளையில் அழற்சி, எந்த வைரஸால் என்று தெரியவில்லை. முதலில் ஏற்றிப் பார்த்த மருந்து எடுபடவில்லை. வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனைகளிலும் ஒன்றும் அகப்படவில்லை. அதில் வியப்பில்லை. நிணநீர்ப் புற்றுநோய்க்காகப் போன வருடம் அவர் எடுத்த ஊசி, எதிர்ப்புப் பொருள் செய்யும் உயிர்க்கலங்களையே அழித்திருந்தது. காவல்காரனே இல்லாத வீட்டில் யார் புகுந்தது என்று யாரிடம் விசாரிப்பது?

மிச்சமிருந்தது ஒரே வழி, மரபணு வரிசையை வாசிப்பது. அது கேசிகாவின் வேலை. இத்தாலியின் பலெர்மோ நகரிலேயே படித்து இந்த ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் சேர்ந்தவள். நகரின் கால்சாப் பகுதியில் பீலிக்ஸும் மனைவி இராசாத்தியும் குடியிருந்த கட்டடத்தில்தான் அவளும் வளர்ந்தாள்.

பீலிக்ஸின் அறை வாசலில் காத்திருந்த இராசாத்திக்கு அவள் விளக்கினாள்.

“முள்ளந்தண்டிலை எடுத்த நீரிலை இருக்கிற மரபணு எல்லாத்தையும் துண்டு துண்டா வாசிக்கிறம், அக்கா. ஞாயிற்றுக்கிழமை வியா மக்வேதாத் தெருவிலை நிக்கிற சனம் மாதிரி, அவ்வளவு துண்டு. கிட்டத்தட்ட எல்லாம் அண்ணையின்ரை சொந்தத் துண்டுதான். அதுகளைக் கம்ப்யூட்டர் கழிச்சுவிடும். மிஞ்சிறதுக்குள்ளைதான் புகுந்தவன் நிப்பான்.”

“ஆரெண்டு முதலே தெரியத் தேவையில்லையோ?”

“இல்லை. அதுதான் இதின்ரை அழகு!”

“என்ரை மனுசன் கிடக்கிற கிடையிலை உனக்கு அழகு தெரியுது,” என்றாள் இராசாத்தி. ஆனாலும் சிரித்தாள்.

முடிவு வந்தபோது, மிஞ்சிய துண்டுகளில் பல சைட்டோமெகலோ என்ற வைரஸுடன் பொருந்தின. அதற்கு மருந்து உண்டு. கேசிகா படியிறங்கி ஓடினாள். மருத்துவர் பார்த்துக் கையெழுத்திடும்வரை வீட்டாரிடம் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அம்மா வேலைக்குப் போன நாளெல்லாம் தனக்குச் சோறு போட்ட அக்காவிடம் எப்படி மறைப்பது?

“மருந்து இருக்கு, அக்கா.”

இராசாத்தி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அழுதபடியே மன்னாருக்குப் போன் எடுத்து மாமியாரிடம் சொன்னாள்.

ஆய்வுகூடத்தில் நோயாளிகளின் மாதிரிகளோடு எப்போதும் ஒரு குப்பி சுத்தமான தண்ணீரையும் வைப்பார்கள். அதற்கும் அதே கரைசல்கள், அதே இயந்திரம். தண்ணீரில் வைரஸ் தெரிந்தால், அது வெளியிலிருந்து ஒட்டியது என்று பொருள். மேலே திரும்பிய கேசிகா அப்போதுதான் தண்ணீரின் முடிவைத் திறந்தாள். அதிலும் அதே வைரஸ், ஏறக்குறைய அதே அளவில். பக்கத்துக் குப்பியில் இருந்த வேறொரு நோயாளியின் மாதிரியில் அது நிரம்பி வழிந்தது. அங்கிருந்து தொற்றியிருக்கிறது.

அதைக் கழித்த பிறகு பீலிக்ஸிடம் மிஞ்சியவை, தண்ணீரில் இல்லாத ஒரு சில துண்டுகள். வெஸ்ட் நைல் வைரஸ், நுளம்பு கடித்துப் பரப்புவது. அதைத் தனியாக இன்னொரு முறை சோதித்தார்கள். அதுவேதான். அதற்கு மருந்து கிடையாது. உடல்தான் எதிர்ப்புப் பொருள் செய்து போராட வேண்டும்.

மறுநாள் கேசிகா எல்லாவற்றையும் சொன்னாள். இராசாத்தி குறுக்கிடாமல் கேட்டாள்.

“அப்ப பக்கத்துக் குப்பியின்ரை ஆளுக்கு மருந்து இருக்கு?”

“ஓம், அக்கா.”

“அதை இவருக்கும் ஏத்திப் பாக்கட்டுமே.”

“அது இந்த வைரஸைத் தொடாது. இரத்தத்தைத்தான் கெடுக்கும்.”

இராசாத்தி மூடியிருந்த கதவைப் பார்த்தாள்.

“நீ ஏன் பிள்ளை தண்ணியைப் பாத்தனி?”

“பாக்காட்டி அந்த மருந்தை ஏத்தியிருப்பினம், அக்கா.”

“ஏத்தியிருக்கட்டுமே.”

பார்வை நேரம் தொடங்கியது. தாதி கதவைத் திறந்தாள். இராசாத்தி உள்ளே போய்க் கதிரையைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கேசிகா வெளியிலேயே நின்றாள்.