கைச்சூடு

இரண்டு கைகளிலும் ஐஸ் கட்டிகளை அள்ளிப் பிடித்துக்கொண்டு அழகுமலை சமையலறை நடுவில் நின்றிருந்தான். விரல் மரத்துப்போகும்வரை விடுவதில்லை என்று பிடிவாதம். தண்ணீர் முழங்கை வழியாக இறங்கிச் செருப்பை நனைத்தது. எதிரே அகலத் தட்டில் மைதாவும், துண்டு துண்டாக நறுக்கிய வெண்ணெயும் காத்திருந்தன. இந்த மாவில் அவன் கை இதுவரை பட்டதே இல்லை. அண்ணன் சோலைமுத்து படவிட்டதில்லை.

அந்த அண்ணன், சமையலறைக்குப் பின்னாலிருந்த அறையில், தம்பி கழுத்துவரை இழுத்துவிட்ட போர்வைக்குள் இறந்து கிடந்தான். பாவம், தம்பிக்கு அது தெரியாது. தூங்குகிறான் என்று நினைத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்திருந்தான்.

சவூதியில், அல் கோபாரில், எண்ணெய்க் கம்பெனியின் அமெரிக்க என்ஜினீயர்கள் குடியிருக்கும் காம்பவுண்டு அது. காலையில் அவர்களுக்கு பிஸ்கட் வேண்டும். நம்மூர் டீக்கடை பிஸ்கட் இல்லை. உள்ளங்கை அகலத்தில், உப்பலாக, பிட்டால் ஏடு ஏடாகப் பிரிகிற ஒரு ரொட்டி. அதை இரண்டாகப் பிளந்து, நடுவில் பொரித்த முட்டையும், கோழிக் கொத்துக்கறியில் தட்டிய வடையும், சீஸும் வைத்துக் கொடுத்தால் தின்றுவிட்டு மத்தியானம்வரை வயிற்றை நினைக்க மாட்டார்கள்.

சூட்சுமமெல்லாம் மாவில் இருக்கிறது. வெண்ணெய் உருகாமல் மாவோடு உதிர வேண்டும். உருகிவிட்டால் பிஸ்கட் கல்லாகிவிடும். அதற்குக் கை குளிர்ந்திருக்க வேண்டும். சோலைமுத்துவின் கை எந்த வெயிலிலும் பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கும். அழகுமலைக்கு நேர்மாறு. தொட்டால் சுடும். "டேய் அடுப்பு" என்றுதான் அண்ணன் கூப்பிடுவான். மாவு வேலை முடிந்ததும், தம்பி அசந்த நேரம் பார்த்து அந்தக் கையைக் கொண்டுபோய் அவன் கழுத்தில் வைப்பான். தம்பி துள்ளுவான்.

"கொஞ்ச நேரம் புடிடா அடுப்பு. வெரலெல்லாம் வெறைச்சுப்போச்சு" என்று பிறகு இரண்டு கையையும் நீட்டுவான். தம்பி வாங்கித் தேய்த்துச் சூடேற்றிக் கொடுப்பான். தினமும் நடக்கிற கூத்து இது.

சோலைமுத்து ஊரோடு போய்விட ஆசைப்பட்டான். விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீல் கையெழுத்துப் போடாமல் இந்த நாட்டைவிட்டு வெளியே கால் வைக்க முடியாது. அவரோ, பிஸ்கட் போட இன்னொரு ஆள் தயாராகட்டும், அனுப்பிவிடலாம் என்று இழுத்துக்கொண்டே இருந்தார்.

"என் கை மட்டும் உனக்கு வாய்ச்சிருந்துச்சுன்னா, நான் எப்பவோ ஊருல இருந்திருப்பேன்டா" என்பான் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். அழகுமலைக்குத்தான் சுருக்கென்று தைக்கும்.

நேற்று அண்ணன் படுக்கும்போது, நெஞ்சில் வாயு அடைத்த மாதிரி இருக்கிறது என்று சீரகத் தண்ணீர் வாங்கிக் குடித்தான். "ஒரு நாளாச்சும் விடியிற மட்டும் தூங்கணும்டா" என்றான். காலையில் எழுப்பப் போன அழகுமலை அவன் கையைத் தொட்டான். ஜில்லென்று இருந்தது. எப்போதும் அப்படி இருக்கிற கைதானே, சந்தேகம் எப்படி வரும்? ஒரு நாள் தூங்கட்டுமே என்று விட்டுவிட்டான். இன்று நாமே போட்டுப் பார்த்தால் என்ன என்றும் தோன்றியது. நன்றாக வந்துவிட்டால் அண்ணன் ஊருக்குப் போய்விடலாம். அந்த நினைப்பு வந்ததும் அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஐஸைக் கீழே போட்டான். கையைத் துடைத்துக்கொண்டு, நுனி விரல்களால் மட்டும் வெண்ணெயை மாவில் தேய்த்து உதிர்த்தான். சூடு திரும்புகிறது என்று தெரிந்த உடனே மறுபடி ஐஸைப் பிடித்தான். விரல்கள் வலியில் தெறித்தன. குளிர்ந்த மோரை ஊற்றி, பிசையாமல் மடித்து மடித்துத் தட்டி, வட்ட வட்டமாக வெட்டி அடுக்கினான். தட்டை ஓவனுக்குள் தள்ளியபின் அவனுக்கு நகர மனசு வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிஸ்கட் மெல்ல எழும்பியது. பக்கவாட்டில் ஏடுகள் விரிந்தன. அழகுமலை தனியாகச் சிரித்தான்.

மெஸ் சூப்பர்வைசர் கௌஸ் முகம்மது ராமநாதபுரத்துக்காரர். காலித் தட்டோடு உள்ளே வந்தார்.

"ஒங்க அண்ணன் இன்னிக்குத் தூள் கெளப்பிட்டாருப்பா. இன்னும் இருக்கான்னு கேக்குறாய்ங்க."

"நான் போட்டது பாய்."

"நெசமாவா? அண்ணன் எங்க?"

"தூங்குறாரு. நீங்க சொல்லிறாதீங்க. நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

இருந்ததிலேயே நன்றாக எழும்பிய ஒன்றை அண்ணனுக்கென்று எடுத்து வைத்திருந்தான். இரட்டை முட்டை, மேலே தாராளமாக மிளகுத்தூள். சூடு ஆறாமல் இருக்க அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டு ஓடினான்.

"அண்ணே, எந்திரி. தின்னு பாத்துட்டுச் சொல்லு. நீ ஊருக்குப் போலாம்ண்ணே, இனி ஒனக்கு..."

விளக்கைப் போட்டான். போர்வை அவன் இழுத்துவிட்டபடியே இருந்தது. ஒரு மடிப்புகூடக் கலையவில்லை.

கத்தினோமா என்பதுகூட அவனுக்குப் பிறகு நினைவில்லை. கௌஸ் முகம்மது வந்து பார்த்தபோது, பிரித்த பொட்டலம் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. அழகுமலை அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அரபியில் சொன்னதை கௌஸ் முகம்மது தமிழில் சொன்னார்.

"மாரடைப்பாம். ராத்திரியே முடிஞ்சிருச்சாம். நீ தொட்டப்பவே உசுரு இல்லப்பா. எழுப்பியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. அதப் போட்டு மனசக் கொழப்பிக்காத."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் செத்துப்போன அண்ணனுக்குப் போர்த்திவிட்டு, சந்தோஷமாகப் போய் மாவு தட்டியிருக்கிறோமே என்றுதான் அழகுமலைக்குத் திரும்பத் திரும்பத் தோன்றியது.

கௌஸ் முகம்மது ஊருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு அவனிடம் நீட்டினார். அண்ணன் மனைவி ஜெயமணி.

"தம்பி... காலையில எழுப்புனீங்களா?"

"தூங்கட்டும்னு விட்டுட்டேன் மதினி."

 

"நல்லதுதான் செஞ்சீங்க" என்றாள் ஜெயமணி. "அந்த மனுசன் நல்லாத் தூங்கி எத்தனை வருசமாச்சு." அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. அழுகைதான் வந்தது. இவனும் போனைக் காதில் வைத்தபடி அழுதான்.

மத்தியானம் கஃபீல் நேரிலேயே வந்தார். அழகுமலையின் தோளைத் தட்டினார். சோலைமுத்துவை ஊருக்கு அனுப்பவும், தம்பி கூடப் போகவும், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். பிஸ்கட் போட ஆள் யார் என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

கிளம்புவதற்கு முன் ஒருமுறை பார்க்க விட்டார்கள். வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அழகுமலை ஓரத்தை விலக்கி அண்ணனின் வலது கையை வெளியே எடுத்தான். நகக்கண்ணில் மைதா ஒட்டிக் காய்ந்திருந்தது. அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு தேய்த்தான். முதலில் மெதுவாக, பிறகு அழுத்தி. விரல் விரலாக.

ஆஸ்பத்திரி ஆள் வாசலில் நின்று "கலாஸ், கலாஸ்" என்று, நேரம் முடிந்தது என அவசரப்படுத்தினான்.

கௌஸ் முகம்மது பக்கத்தில் வந்தார். "போதும்ப்பா அழகு. வா, போவோம்."

"செத்த இருங்க பாய்" என்றான் அழகுமலை, நிமிராமலே. "இன்னும் சூடு ஏறல."

கௌஸ் முகம்மது வாசலில் நின்றவனைக் கையமர்த்தினார். சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்துவந்து அழகுமலைக்குப் பின்னால் போட்டார்.