வெர்னாவின் ஒன்பது இலக்கங்கள்

வேலைக்குப் போகும் தாய்மார்கள் மீது வாஷிங்டனுக்கு இருக்கும் பாசம் சொல்லி மாளாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை வருமான வரியில் கழித்துக்கொள்ளச் சொல்கிறது. ஒரு பிள்ளைக்கு மூவாயிரம் டாலர் செலவு வரை கணக்கு, இரண்டுக்கு ஆறாயிரம். மூன்றாவது பிறந்தால் அது காற்றைக் குடித்து வளரட்டும் என்று பெரியவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். மார்லா சடவ்ஸ்கிக்கு நல்லவேளையாக இரண்டோடு நின்றது. கெல்சிக்கு ஆறு வயது, ஓடிஸுக்கு மூன்று.

மார்லாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அடுத்தவர்கள் நிம்மதியாக வேலைக்குப் போவதற்காக அவர்களுடைய அப்பா அம்மாவைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுவாள். ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. மன்சி நகரத்தில் உரிமம் வாங்கி நடத்துகிற காப்பகங்கள் ஏழு மணிக்குத்தான் கண் விழிக்கும். இரண்டு பிள்ளைக்கு வாரம் நானூற்று முப்பது கேட்கும். இரண்டு வீடு தள்ளியிருக்கும் வெர்னா ப்ரூயிட் ஐந்தரைக்கே கதவைத் திறப்பாள், நூற்றெண்பது வாங்குவாள். வெர்னா இல்லாவிட்டால் மார்லாவுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஜூலையில் பட்டாசும் அக்டோபரில் பேய் முகமூடியும் விற்கிற கடை, ஜனவரி பிறந்ததும் வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் கடையாகிவிடும். மூன்று சரக்கையும் விற்பவர் ஒரே ஆள்தான், கர்ட்டிஸ். எதைக் கண்டு ஜனங்கள் அதிகம் மிரள்கிறார்கள் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். மார்லாவும் அவர் எதிரில்தான் போய் உட்கார்ந்தாள்.

"பசங்களை யாரு பாத்துக்கறாங்க?" என்றார் கர்ட்டிஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வெர்னான்னு எங்க தெருக்காரங்க. வாராவாரம் வெள்ளிக்கிழமை கவர்ல போட்டுக் குடுத்துடுவேன்."

"ஆயிரத்து இருநூறு டாலர் உங்களுக்கு மிச்சம். அவங்களோட சோஷியல் செக்யூரிட்டி நம்பரை மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க."

மட்டும் என்றார் மனிதர். இந்த ஊர்க்காரர்கள் மூன்றாவது விவாகரத்தையும் கட்டிய பல்லையும் பஸ் நிறுத்தத்தில் கேட்காமலே சொல்வார்கள். அரசாங்கம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கும் அந்த ஒன்பது இலக்கத்தைக் கேட்டுப் பாருங்கள், பீரோ சாவியைக் கேட்டுவிட்ட மாதிரி பார்ப்பார்கள். ஆனால் காரின் கியர்பாக்ஸ் போகிற போக்கில் இன்னொரு குளிர்காலம் தாங்காது. அந்த வெள்ளிக்கிழமை மார்லா வாழைப்பழ ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வெர்னா வீட்டுக்குப் போனாள்.

வெர்னா ரொட்டியைப் பார்த்தாள், மார்லாவைப் பார்த்தாள். "என்ன வேணும்? சும்மா நீ அடுப்பு பத்த வைக்கிற ஆள் இல்லையே."

மார்லா சொன்னாள்.

"ஓடிஸுக்கு எந்தச் சட்டை அரிக்கும்னு கேளு, சொல்றேன். கெல்சிக்குக் கடைசியா என்னிக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னு கேளு, சொல்றேன். என் நம்பர் உனக்கு எதுக்கு கண்ணு?"

"ஒரு படிவத்துல எழுதணும் வெர்னா, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? முதுகு போனதுலேர்ந்து கவர்மென்ட்டு குடுக்கற மாசப் பணத்துலதான் வீட்டு வாடகை கட்டறேன். நீ எழுதினா, 'அம்மா, உங்க முதுகு நல்லாயிடுச்சு போல, ரெண்டு பிள்ளைய தூக்கறீங்களே'ன்னு லெட்டர் வரும். உனக்கு ஆயிரத்து இருநூறு, எனக்குத் தெரு."

"நான் அப்படி யோசிக்கவே இல்ல. விட்டுடுங்க."

"நீ விடு. நான் புடிக்கவே இல்லையே," என்று சொல்லி வெர்னா ரொட்டியை வெட்டினாள்.

மார்லா விட்டுவிடவே நினைத்தாள். ஆனால் கர்ட்டிஸ் கற்றவர், சட்டத்தின் சந்துபொந்தெல்லாம் தெரிந்தவர். "தரமாட்டேன்னுட்டாங்களா? அது போதுமே. பேரும் விலாசமும் எழுதுங்க. நம்பர் கேட்டேன், தரலைன்னு ஒரு தாள்ல எழுதி கூட வைங்க. உங்க மேல தப்பு இல்லைன்னு ஆயிடும்."

தன் மேல் தப்பு இல்லை என்று எழுதிக் கொடுக்க யாருக்குத்தான் கசக்கும்? மார்லா எழுதினாள். ஒரு தெருக்கோடிக் கிழவியின் முதுகைப் பற்றி விசாரிக்க அத்தனை பெரிய அரசாங்கத்துக்கு நேரம் ஏது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் பணம் வந்தது. உண்மையில் அரசாங்கத்துக்கு வெர்னாவைப் பற்றி யோசிக்க நேரமில்லைதான். அவளுக்கு ஒரு லெட்டரும் வரவில்லை. காரியத்தைக் கெடுத்தது மார்லாவின் கணவன் டுவேனின் நல்ல மனசு. விடியுமுன்பே கிடங்குக்குப் போய்ப் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன், அடுத்தவர் உழைப்பைச் சும்மா வாங்கிக்கொள்ளத் தெரியாதவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும் வழியில் இருநூறு டாலரைக் கவரில் போட்டு வெர்னாவிடம் நீட்டியிருக்கிறான்.

"உங்க பங்கு. உங்க பேரைப் போட்டதாலதானே வந்துச்சு, நாங்களே தின்னா ஜீரணமாகுமா?"

வெர்னா கவரை வாங்கவில்லை. நன்றி மட்டும் சொன்னாளாம். பொம்பளைக்கு என்ன அடக்கம் என்று டுவேன் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னான். மார்லாவுக்கு முகம் வெளுத்துப் போனது.

திங்கட்கிழமை ஐந்தரைக்குப் பிள்ளைகளோடு போய் நின்றபோது, கதவு நீளச் சங்கிலி விட்ட ஒரு சாண் அளவுக்கே திறந்தது. இடைவெளி வழியாக ஒரு பை வெளியே வந்தது. உள்ளே ஓடிஸின் போர்வை, கெல்சியின் பல் துலக்கும் பிரஷ், மாற்றுத் துணி எல்லாம் மடித்து வைத்திருந்தது.

"வெர்னா, நம்பர் எழுதல, நீங்க தரலைன்னுதான் எழுதினேன். சத்தியமா பேரு மட்டும்தான்."

"வீட்டு விலாசம்?"

"அதையும்தான்," என்றாள் மார்லா.

"நீ கேட்டே, நான் மாட்டேன்னேன். நான் மாட்டேன்னு சொன்னதையும் எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கே. இனிமே வாசல்ல தபால்காரன் நின்னாலே எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும். பிள்ளைங்க இங்க இல்லைன்னா, யாராவது வந்து கேட்டாலும் இல்லைன்னு சொல்லலாம்."

"எனக்கு வேற யாரும் இல்ல வெர்னா."

"தெரியும். எனக்கும் வேற பணம் இல்ல."

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் ஓடிஸ் குனிந்து சங்கிலிக்கு அடியில் நுழைந்து உள்ளே போய்விட்டான். நேரே சமையலறைக்குப் போய்த் தன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். "பேன்கேக்," என்றான், தினமும் சொல்கிற மாதிரி.

வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சங்கிலியைக் கழற்றாமலே, "கெல்சி, நீயும் நுழைஞ்சு வா," என்றாள். மார்லாவிடம், "பட்டினியா அனுப்ப எனக்கு மனசு வராது. சாப்பிட்டு வருவாங்க. நீ அங்கயே நில்லு," என்றாள்.

பனியில் நின்றுகொண்டு மார்லா உள்ளே அடுப்பு சீறுவதைக் கேட்டாள். ஆறு மணி ஆனது. முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தது. பன்னிரண்டாம் நம்பர் அறைக் கிழவர் இன்னும் ஈரத்துணியோடு படுத்திருக்கிறார், நீ எங்கே என்று மேற்பார்வையாளர் கேட்டாள்.

"பசங்களைப் பாத்துக்க ஆள் இல்ல," என்றாள் மார்லா.

"திடீர்னு இல்லைன்னா எப்படி? யாரோ ஒருத்தங்க இருந்தாங்களே, தங்கமானவங்கன்னு சொல்லுவியே."

"இப்பவும் தங்கமானவங்கதான். உள்ள என் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்டுட்டு இருக்காங்க."

"அப்புறம் என்ன கிளம்பி வர வேண்டியதுதானே?"

கதவு திறந்தது. இரண்டு பிள்ளைகளின் வாயும் துடைத்திருந்தது, ஓடிஸின் கோட்டில் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தது. வெர்னா அவனை வெளியே இறக்கிவிட்டு, தலையை ஒருமுறை தடவி, கதவைச் சாத்தினாள். மார்லா போனைக் காதில் வைத்தபடியே அழுதாள்.