முட்டை தடவாத பஃப்

1

இந்தக் கதை வயிற்றில் தொடங்கியது. கோலா சுங்கை பாரு என்கிற ஊரில் ஒரு ஞானஸ்நான விருந்து. தட்டு நிறைய அன்னாசியும் சீஸும் வைத்துச் சுட்ட பஃப். (எண்ணெயில் பொரிக்கிற கறிபாப் இல்லை. அடுக்கடுக்காக உதிரும் மாவில் மடித்து ஓவனில் வேக வைப்பது.) நாலாவதுக்குக் கை நீட்டியபோது பக்கத்து நாற்காலி அம்மாள் கேட்டார்: "சார் புரட்டாசி விரதமா? அதுல முட்டை தடவியிருக்கும்லா."

மூன்று உள்ளே போன பிறகு எச்சரிக்கை! எனக்கு விரதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் கதை ஒன்று மாட்டிக்கொண்டது தெரிந்தது. நாலாவதைத் தின்றுகொண்டே யோசித்தேன்.

அந்த அம்மாள் யாரென்று கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே கீழே வரும் ஜெயமேரி முழுக்க என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "சிம்பாங் அம்பாட்டில் அந்தக் காலைப்பொழுது வெண்ணெய் மணத்தோடு விடிந்தது. ஜெயமேரியின் ஜன்னல் வழியே..."

வேண்டாம். மார்ஜரின் விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "சம்பந்தி உறவைப் போலச் சிக்கலான உறவு..."

இதுவும் வேண்டாம். கட்டுரைப் போட்டிக்கா எழுதுகிறேன்?

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஜெயமேரி சிம்பாங் அம்பாட்டில் ஒரு கிளினிக்கில் பேர் பதிகிறவள். [ஐம்பது தாண்டியவளை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் எனக்கு அடுப்படி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. 'அவர்' என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்.] சர்ச் அன்பியக் கூட்டமோ, பிறந்தநாளோ, துக்கவீட்டு முப்பதாம் நாளோ, அவள் பஃப் வராமல் கூட்டம் களைகட்டாது.

ஒரே மகன் பிரான்க்ளின். இரண்டு வருஷத்துக்கு முன் புலாவ் செபாங் ஊர்ப் பெண் தேவிஸ்ரீயைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். பெண்ணின் அம்மா பாக்கியலட்சுமி, அங்கே சேலைக்கடை வைத்திருப்பவர். சண்டை, சத்தம் எதுவும் இல்லை. அதுதான் சங்கடமே. பாக்கியலட்சுமி ஜெயமேரி வீட்டுக்கு வருவார், சோபா நுனியில் உட்காருவார், கைப்பையை மடியை விட்டு இறக்க மாட்டார். "இப்பதான் சாப்பிட்டு வந்தேன் சம்பந்தியம்மா" என்று பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புவார். இந்த இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் ஒருநாளும் கை நனைத்ததில்லை.

ஜெயமேரிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தான் செய்த எதையாவது அந்த மனுஷி ஒரு வாய் சாப்பிட வேண்டும்.

இந்த நிலையில்தான் போன் வந்தது. "புரட்டாசி மூணாவது சனி, பெருமாளுக்குப் படைக்கிறோம். நீங்களும் வாங்க சம்பந்தியம்மா. தேவி உங்க பஃப்பைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கா. செஞ்சு கொண்டாங்களேன்."

3

ஒரு வாரம் அந்த வீட்டு அடுப்பில் மீன் ஏறவில்லை. புது ட்ரே வாங்கினாள், புதுக் கத்தி வாங்கினாள். அன்னாசியைத் துருவி, பட்டை கிராம்பு போட்டு, ஈரம் வற்றும் வரை கிண்டினாள். (ஈரம் மிஞ்சினால் மாவின் அடி ஊறிப்போகும். இதை எனக்குச் சொன்னது என் தங்கை. அவள் செய்வதில் அடி எப்போதும் ஊறித்தான் இருக்கும்.)

சனிக்கிழமை காலை மகனும் மருமகளும் காரோடு வந்தபோது பஃப் எல்லாம் பொன்னிறமாக மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.

"அத்தை, செமையா மின்னுது! என்ன தடவினீங்க?"

"முட்டைதான்மா. மஞ்சக்கருவுல கொஞ்சம் பால..."

[இந்த வாக்கியம் முடியாது. அவளே முடிக்கவில்லை.]

மீனைத் துரத்தியவள் முட்டையைக் கோட்டைவிட்டாள். புத்திதான் விரதம் இருந்தது. கைக்கு யாரும் சொல்லவில்லை. ஓவனில் வைக்கும் முன் பிரஷ்ஷை முட்டையில் தோய்த்துத் தடவுவது அந்தக் கைக்குச் சிலுவை போடுவது மாதிரிப் பழகிப்போயிருந்தது. ஜெயமேரி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"யாருக்குத் தெரியப் போவுது? சொல்லாம விடுங்கலா, அம்மா," என்றான் பிரான்க்ளின்.

தேவிஸ்ரீ தரையைப் பார்த்தாள். "அம்மாவுக்குத் தெரியாதுதான். ஆனா எனக்குத் தெரியுமே."

4

இங்கே நான் நாலு நாள் மாட்டிக்கொண்டேன்.

முதலில் பிரான்க்ளின் சொன்னபடியே எழுதினேன். ஜெயமேரி வாயைத் திறக்கவில்லை. பாக்கியலட்சுமி சாப்பிட்டார், இன்னொன்று கேட்டு வாங்கினார், சிரித்தார். நல்ல முடிவுதான். ஆனால் அவர் சிரிக்கச் சிரிக்க, தெரியாமல் தின்கிறாரே என்றிருந்தது. கிழித்துப் போட்டேன்.

அடுத்து, வழியில் லட்டு வாங்கிக்கொண்டு போவதாக எழுதினேன். கடை லட்டில் ஏது கதை? அதையும் அடித்தேன்.

பிறகுதான் ஜெயமேரியின் பிரிஜ்ஜைத் திறந்து பார்க்கத் தோன்றியது. பிரிக்காத பஃப் மாவுப் பாக்கெட் ஒன்று கிடந்தது. அன்னாசியும் சீஸும் மிச்சம் இருந்தன. எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு அவள் காரில் ஏறினாள். மின்னுகிற பஃப் மேசையிலேயே இருந்தது.

5

வாசலிலேயே சொல்லிவிட்டாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"சம்பந்தியம்மா, பழக்கத்துல முட்டை தடவிட்டேன். அத வீட்டுலயே விட்டுட்டேன். மாவும் மத்ததும் கொண்டாந்திருக்கேன். உங்க ஓவன் கெடைக்குமா?"

பாக்கியலட்சுமி ஐஸ் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். "ஓவன் இருக்கு. ஆனா அதுக்குள்ள வேற குடித்தனம் நடக்குது, வாங்க."

உள்ளே பெரிய சட்டி, சின்னச் சட்டி, மூடியில்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி. வாங்கிய நாள் முதல் அந்த ஓவன் அலமாரியாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள்.

"முட்டைக்குப் பதிலா என்ன தடவுவீங்க?"

"பால்தான். கலர் கொஞ்சம் மட்டாத்தான் வரும்."

"பெருமாள் என்ன கலரா பாக்கப் போறாரு? தடவுங்கலா."

வெந்து வந்தது வெளுப்பாகத்தான் இருந்தது. பரிமாறும் முன் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுப் பார்ப்பது ஜெயமேரியின் வழக்கம். கை போனது. பாக்கியலட்சுமி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "படைக்கறதுக்கு முன்ன ருசி பாக்கக் கூடாது."

பிடித்த கையை விடாமலே மறு கையால் இரண்டு பஃப்பை எடுத்து, படையல் இலையில் சர்க்கரைப் பொங்கலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

[இதை நான் திட்டமிடவில்லை. அவர் சாப்பிடுவாரா மாட்டாரா என்பதோடு என் குறிப்பு முடிந்திருந்தது. பெருமாளுக்கே வைப்பார் என்று யார் கண்டது!]

6

இப்போது ஜெயமேரியைப் பற்றி நான் கேட்காமல் விட்ட ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. அவள் மட்டும் அந்த வீட்டுச் சோற்றைத் தொட்டிருக்கிறாளா?

இல்லை. ஒவ்வொரு படையலுக்கும் தேவிஸ்ரீ பொங்கல் கொண்டுவந்து தருவாள். ஜெயமேரி இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். "எனக்கு சுகர் இருக்குமா" என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிடுவாள். அவளுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. சாமிக்குப் படைத்ததைத் தொடாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவள், அவ்வளவுதான். நானும் நீங்களும் இவ்வளவு நேரம் பாக்கியலட்சுமியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தோம்.

பூசை முடிந்தது. பாக்கியலட்சுமி இரண்டு தட்டோடு வந்தார்.

"இது எலையில வெச்சது. இது படைக்காதது, ஒங்களுக்குன்னு முன்னாடியே தனியா எடுத்து வெச்சேன். எது வேணுமோ எடுத்துக்குங்க."

ஜெயமேரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "தேவி சொல்லிட்டாளா?"

"சொன்னா. ஒங்களுக்கு சுகர் இல்லன்னும் சொன்னா." பாக்கியலட்சுமி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நான் மட்டும் என்ன யோக்கியம்? சாப்பிட்டு வந்தேன், சாப்பிட்டு வந்தேன்னு சொல்லுவேன். ஒவ்வொரு தடவையும் பசியோடதான் ஒங்க வீட்டுக்கு வந்திருக்கேன்."

ஜெயமேரிக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்; எழுதுகிறவன் அழக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

அவள் கை படைக்காத தட்டுப் பக்கம் போனது. நின்றது. பிறகு இலையில் வைத்த பஃப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டது. மற்றொன்றைப் பாக்கியலட்சுமி எடுத்துக்கொண்டார்.

7

முடிவாக என்னிடம் மூன்று பத்தி இருந்தது. ஒன்றில் இருவரும் சாப்பிடுகிறார்கள். ஒன்றில் ஜெயமேரி மட்டும். இன்னொன்றில் பாக்கியலட்சுமி...

மூன்றையும் எடுத்துவிட்டேன். சாப்பிடுகிறவர் வாயைப் பார்க்கக் கூடாது என்று அடித்து வளர்க்கப்பட்டவன் நான். இரண்டு வருஷப் பசியோடு இரண்டு பேர் நிற்கும்போது, குறிப்பேட்டை வைத்துக்கொண்டு எதிரே நிற்பது மரியாதையில்லை. ஆகவே இதோ, கூடத்துப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். நீங்கள் பார்ப்பதானால் பாருங்கள்.

பஃப்பில் ஒரு தொந்தரவு: சத்தமில்லாமல் கடிக்க முடியாது. என் முதுகுக்குப் பின்னால் மொறுக்கென்று கேட்டது.

கடித்தது ஒரு வாயா, இரண்டு வாயா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.