இராயப்பரின் இரண்டாவது சாவி

1

இந்தக் கதை இரணியலில் ஒரு பிராய்லர் கோழிக்கடையில் பிறந்தது. கடற்கரை, மழை என்று கௌரவமாக ஏதாவது சொல்லலாம்தான். ஆனால் நான் அரைக்கிலோ கறி வாங்கத்தான் போனேன். கடைக்கார அனீஷ் கத்தியை வைத்துவிட்டு, "சாரே, நீரு கதை எழுதுக ஆளுதானே? ஒரு படத்துக்கு அர்த்தம் சொல்லணும்" என்று கையோடு கூட்டிப்போனார்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'அந்திச் சூரியன் குருசடியின் உச்சியில்...' [அடித்துவிட்டேன். நாங்கள் போனது காலையில்.]

குருசடி என்றால் சாலையோரச் சிற்றாலயம். அனீஷின் அப்பா இராயப்பன் போன வருடம் இறந்தார். அவர் நினைவாகக் கட்டியது. உள்சுவரில், அவர் பெயர்கொண்ட, ஆண்டவரின் தலைமைச் சீடரான புனித இராயப்பரை ஓவியர் மரியான் வரைந்திருந்தார். வெள்ளைத் தாடி, கையில் இரண்டு சாவி, காலடியில் சேவல். ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்து அர்ச்சித்துத் திறந்துவைக்க வேண்டும்.

"சேவல அழிக்கச் சொல்லும் சாரே. கோழிக்கடைக்கு வெளம்பரம்னு ஊரே சிரிக்கும்" என்றார் அனீஷ்.

"சேவலும் சாவியும் போச்சுன்னா அது வெறும் தாடிக்காரன் ஆக்கும்" என்றார் மரியான்.

3

மரியான் சொன்னது சரி. புனிதர்களின் முகம் யாருக்குத் தெரியும்? அம்பு தைத்திருந்தால் செபஸ்தியார். குழந்தையை ஏந்தினால் அந்தோணியார். (என்னை வரைந்தால் கையில் பாதிக்கதை இருக்கும்.)

"சேவல் கூவுமுன் மூன்று முறை ஆண்டவரைத் தெரியாது என்றார் இராயப்பர். அதன் நினைவுதான் இது" என்று விளக்கினேன்.

பின்னால் குடையோடு நின்ற அனீஷின் அம்மா கிரேசி அப்போதுதான் வாய் திறந்தார்.

"மூணு தடவதானா? எனக்க மாப்பிள, இவனுக்க அப்பன், காலம்பூரா சொன்னாரு. பீரோ சாவி எங்கன்னு கேட்டா தெரியாதும்பாரு. அவருக்க இடுப்புல கிடந்து கிலுங்கும்."

4

இந்த இடத்தில் ஒரு வரைவில் கிரேசியை அழவைத்தேன். அவருக்குப் பொருந்தவே இல்லை. அவர் கோபமாகத்தான் இருந்தார்.

பீரோ சாவி இப்போது அனீஷின் சட்டைப்பையில். ஞாயிற்றுக்கிழமை உடுக்கத் தன் சேலையை எடுக்கவும் கிரேசி மகனிடம் கேட்டு நிற்கவேண்டும். கடை அடைத்துவிட்டு வருகிறேன் என்பார் அனீஷ். எனக்கே எரிச்சலாக வந்தது.

5

"அது எதுக்கு ரெண்டு சாவி?" என்றார் கிரேசி.

"ஒன்று பரலோகத்துக்கு, ஒன்று பூலோகத்துக்கு" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

"பரலோகத்துக்குள்ளத அவரே வச்சுக்கிடட்டும். மற்றத அழியும் மரியான்."

மரியான் என்னைப் பார்த்தார். நான் சேவலைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவர் ஒரு சாவியின்மேல் பின்னணியின் நீலத்தைப் பூசினார்.

கிரேசி மகன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"அவருக்க கையில இல்ல மக்கா. இப்ப யாருக்க கையில இருக்கு?"

அனீஷுக்குச் சேவல் மறந்தேபோனது. அவர் கை சட்டைப்பைக்குள் போனது.

6

முடிவு அ: எங்கிருந்தோ ஒரு சேவல் கூவுகிறது. [வெட்கக்கேடு. அனீஷ் கடையில் இருப்பது பிராய்லர், கூவாது.]

முடிவு ஆ: ஃபாதர் ஒற்றைச் சாவியைப் பார்த்து, "இதென்ன..." [இவர் இந்தக் கதைக்குத் தேவையில்லை.]

முடிவு இ: அனீஷ் கையை வெளியே எடுக்கிறார். அதில்...

இதற்குமேல் எனக்குத் துணிச்சல் இல்லை. நான் கறி வாங்குவது அவர் கடையில். உங்களுக்கு அந்தப் பயம் இல்லையே, நீங்களே எழுதிவிடுங்கள். ஆனால் கொஞ்சம் சீக்கிரம். கிரேசி இன்னும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.