பாட்டரிக்குத் தண்ணீர்

"அக்கா! அந்த பாட்டிலைக் கீழ வைங்க!"

கணவனின் உடலருகே பியாட்ரிஸ் போட்ட சத்தத்தில், ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதி மணியில் நின்றார்கள். இறந்து கிடந்த அகஸ்டினின் தமக்கை மர்சலின், கையில் பழுப்பு பாட்டிலோடு விழித்தாள். தம்பியின் நெற்றி, மார்பு, பாதம் எல்லாம் தெளித்தாயிற்று. காலையிலிருந்து துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் தெளித்திருந்தார்கள். பாட்டிலின் அடியில் ஈரம் மட்டுமே மிச்சம்.

"இன்னாடி? மாதா பீடத்தாண்ட இருந்த தீர்த்தம்தானே?"

"தீர்த்தம் இல்லக்கா. பாட்டரித் தண்ணி. டிஸ்டில் வாட்டர்."

மர்சலின் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். "அதப்போய் தம்பி ஏன் மாதாவாண்ட வச்சான்?"

"அங்க வச்சாத்தான் யாரும் தொடமாட்டீங்கன்னு."

மூலையில் ஒருத்தி முந்தானையைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். அழுகையா சிரிப்பா, தெரியவில்லை.

மாலையில் அடக்கம். இருட்டியதும் அதே மயிலாப்பூர்த் தெருக்களில் மாதா சப்பரம். சப்பரத்துக்கு வெளிச்சம் கொடுப்பது அகஸ்டினின் டிரெய்லர், கையால் இழுக்கிற விளக்கு வண்டி. யுத்தம் முடிந்து பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. மேலே, ரயில் பெட்டி விளக்குகளுக்கு வைக்கிற தடித்த பாட்டரிகள். மூங்கில் சட்டத்தில் மோட்டார் பல்புகள்.

கொழுந்தன் வால்டர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி, திருவல்லிக்கேணி கலீமுல்லாகிட்ட சொல்லிட்டேன். கேஸ் லைட்டு எடுத்துக்கினு வர்றாரு. வண்டியையும் நாளைக்கு அவரே இழுத்துக்கினு போயிடுவாரு. அண்ணனே பூட்டாரு, அந்தப் பாட்டரி இன்னாத்துக்கு?"

"வண்டியை யாருக்கும் தரமாட்டேன். நானே பாத்துக்குவேன். ராத்திரி விளக்கு எரியும்."

"எரியலன்னா?"

"எரியலன்னா அவருக்கே குடுத்துடு."

அகஸ்டின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்ததிலிருந்து அவள்தான் பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றினாள். ஏறியபின் ஊற்ற வேண்டிய தண்ணீர்தான் பாக்கி. கொட்டகைக்கு ஓடி மூடிகளைத் திருகித் திறந்தாள். தகடுகளின் தலை வெளியே தெரிந்தது. இப்படியே விளக்கை எரித்தால் தகடு கெடும். மாதா பாதித் தெருவில் இருட்டில் நிற்பாள்.

"தெருக்குழாயில தண்ணி கொட்டிக்கினு கீது, புடிச்சி ஊத்தேன்" என்றான் பின்னாலேயே வந்த வால்டர்.

"அதுல உப்பு. தகட்டைத் தின்னுடும்."

"அப்ப மருந்துக்கடைக்குப் போ."

"ஞாயித்துக்கிழமைடா."

அப்போது வானம் இடித்தது. சடசடவென்று மழை. பந்தலில் இருந்தவர்கள் உள்ளே ஓடிவர, பியாட்ரிஸ் ஒருத்தி மட்டும் முற்றத்துக்கு இறங்கினாள்.

பிறந்த வீட்டார் கொண்டுவந்த கோடிப்புடவை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. புதுத்துணி, கஞ்சி ஏறியது, உப்பில்லாத மழைநீர் பிடிக்க உதவாது. அகஸ்டினின் வேட்டி ஒன்றை உருவினாள். துவைத்துத் துவைத்து மெலிந்துபோனது. முதல் மழையில் அதை அலசிப் பிழிந்தாள். இரண்டு முனைகளைக் கொடிக்கம்பங்களில் கட்டினாள். நடுவில் கண்ணாடி மூடி ஒன்றைப் போட்டதும் துணி குழிந்தது. குழிக்குக் கீழே கண்ணாடி ஜாடி. மீதி இரண்டு முனைகளையும் கைகளால் விரித்துப் பிடிக்க முயன்றாள். காற்று பிடுங்கியது.

"அக்கா, ஓடியா! அண்ணிக்கு இன்னாவோ ஆயிடுச்சு!" என்று அலறினான் வால்டர்.

மர்சலின் வந்தாள். வேட்டியைப் பார்த்தாள். ஜாடியைப் பார்த்தாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு மழையில் இறங்கி, ஒரு முனையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இது அவன் கோயிலுக்குக் கட்டுறதில்ல?"

"ஆமாக்கா."

இருவரும் துணியை இறுக்கிப் பிடித்தார்கள். ஜாடி நிறைந்தது.

அடக்கம் முடிந்து திரும்பியவர்களின் கால் ஈரம்கூடக் காயவில்லை. பியாட்ரிஸ் கண்ணாடிப் புனலில் பாட்டரியின் ஒவ்வொரு அறையாக ஊற்றினாள், தகடு மூழ்கும்வரை மட்டும். மூடிகளைத் திருகினாள். முனைகளைத் துடைத்து வாஸ்லின் களிம்பு தடவினாள். விசையைத் தட்டினாள்.

வெள்ளை வெளேரென்று எரிந்தது!

பாண்டு முழங்கியது. சப்பரம் நகர்ந்தது. கச்சேரி ரோட்டு முனையில் மாடியிலிருந்து ஒரு குரல்: "புருசனைப் பொதைச்ச ஈரம் காயல, அதுக்குள்ள தெருவுக்கு வந்துட்டாளே!"

மர்சலின் அண்ணாந்து பார்த்தாள். "இன்னாடி? மாதா மூஞ்சி தெரியுதில்ல? கும்பிட்டுட்டு உள்ள போ!"

கூட்டம் சிரித்தது. "அகஸ்டின் வண்டிடா!" என்று யாரோ கத்த, தெரு முழுக்கக் கைதட்டல் ஓடியது. கொளுத்தாத கேஸ் லைட்டுகளோடு ஓரமாக நடந்துவந்த கலீமுல்லா, வால்டரின் தோளில் தட்டினார்.

"எனக்கு வண்டி வேணாம்பா. இந்தம்மாவாண்ட எவன் கேப்பான்?"

சப்பரம் கோயிலுக்குள் நுழைந்ததும், "இன்னொரு சுத்து!" என்று இளவட்டங்கள் கூவின. பியாட்ரிஸ் விசையைத் தட்டினாள். இருட்டு.

"நல்லாத்தானே எரிஞ்சிக்கினு இருந்திச்சி, ஏன் அண்ணி அணைச்சிட்டே?" என்றான் வால்டர்.

"முழுசா வடியவிட்டா அப்புறம் சார்ஜ் ஏறாது. காலையில சார்ஜ் போடணும், சீக்கிரம் வந்துடு."

வால்டர் வண்டிக்கு முன்னால் போனான். குனிந்து டிரெய்லரின் ஏர்க்காலைத் தூக்கினான். சக்கரங்கள் சேற்றில் நகர்ந்தன. சூடு ஆறாத பல்புகளைச் சுற்றி ஈசல்கள் கூடவே பறந்துவந்தன.